எதிர்ப்புச் சக்தி கூடினால் நல்லதா?

கறுப்புச் சொக்கலேட் சாப்பிட்டால் நோயெதிர்ப்புச் சக்தி கூடும் என்ற பேச்சு இப்போது திருகோணமலையில் அநேகமாக எல்லா வீடுகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் பெட்டி நிறையப் பால் சொக்கலேட் கொண்டுவருவார்கள். அது பிள்ளைகளின் பங்கு. இப்போது 70, 85 என்று இலக்கம் போட்ட கசப்புச் சொக்கலேட் வருகிறது. அது பெரியவர்களின் பங்கு. "உடம்புக்கு நல்லது, எதிர்ப்புச் சக்தி கூடும்" என்று சொல்லித்தான் கையில் வைக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் இந்தப் பேச்சு நம் எல்லோரையும் பிடித்துக்கொண்டது. மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்தோம். 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு பாணிமருந்துக்காக ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். தொற்று அடங்கிய பிறகும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. எந்த உணவைக் கண்டாலும் அது எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமா என்று கேட்கிற பழக்கம் மிஞ்சிவிட்டது.

பொதுவாக இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுப் போய்விடுவேன். அம்மாவைப் பார்த்துச் சொன்னபோதுதான் அப்படிப் போக முடியவில்லை. அம்மாவுக்கு முடக்குவாதம். இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் ஒரேமாதிரி வீங்கும். காலையில் எழுந்தால் கை முழுதாக மடங்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். திருவலையில் தேங்காய் துருவ முடியாது, போத்தல் மூடியைத் திருக முடியாது, சட்டைப் பொத்தான் போடுவதற்குக்கூட யாராவது பக்கத்தில் வேண்டும். வாரத்தில் ஒரேயொரு நாள் மெதோட்ரெக்சேட் குளிசை, வேறொரு நாள் போலிக் அமிலம், மாதக் கிளினிக், இடையிடையே இரத்தப் பரிசோதனை என்று அவருடைய நாட்காட்டி ஓடுகிறது. அந்த வாரக் குளிசை போட்ட மறுநாள் அவருக்கு ஓங்காளம் வரும். தேநீர்கூட இறங்காது. அந்த நாளை நினைத்தாலே முகம் சுருங்கிவிடும்.

ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த சித்திக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "அக்கா, ஒவ்வொரு நாளும் இரண்டு துண்டு சாப்பிடுங்கள். எதிர்ப்புச் சக்தி கூடினால் இந்த வருத்தம் தன்பாட்டில் போய்விடும்" என்று சொல்லிவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டை நிறையக் கசப்புச் சொக்கலேட் அடுக்கிவிட்டுப் போனார். அம்மா சில பட்டைகளை எடுத்துக் குளிசைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கச்சான் காற்று வீசுகிற நாட்களில் எங்கள் ஊரில் சொக்கலேட் வெளியே நிற்குமா? இளகி, மறுபடி இறுகி, மேலே வெள்ளை படிந்தது. அம்மா அதைப் பூஞ்சணம் என்று பயந்தார். உருகிய கொக்கோ வெண்ணெய் மேலே வந்து உறைவதுதான் அந்த வெள்ளை, சாப்பிடலாம் என்று நான் சொன்னேன். உடனே ஒரு துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அந்தக் கசப்பு அவருக்குப் பிடிக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. மருந்தென்று நம்பித்தான் விழுங்கினார்.

கிளினிக்கில் ஒரு கேள்வி

அடுத்த கிளினிக் நாளன்று, கொப்பிகளை அடுக்கிவிட்டுக் காத்திருந்து உள்ளே போனதும், நான் எதிர்பாராத விதமாக அம்மாவே பேச்சைத் தொடங்கினார். "டொக்டர், கொக்கோ எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமாம். அதைச் சாப்பிட்டால் இந்தக் குளிசையைக் குறைக்கலாமா?" என்று கேட்டார். வெளியே அவ்வளவு கூட்டம் நின்றபோதும் அந்த இளம் பெண் டொக்டர் அவசரப்படவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டுத் திருப்பிக் கேட்டார்: "அம்மாவுக்கு எதிர்ப்புச் சக்தி கூட வேண்டுமா, குறைய வேண்டுமா?"

அம்மா பதில் சொல்லவில்லை. எனக்கும் பதில் வரவில்லை. டொக்டர் மெதுவாக விளக்கினார். "எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் உங்களுக்கு இந்த வருத்தம் வரவில்லை. அது உசாராகத்தான் வேலை செய்கிறது. ஆனால் ஆளை மாறிப் பிடித்துவிட்டது. கிருமியைத் தாக்க வேண்டியது உங்கள் மூட்டைத் தாக்குகிறது. நாங்கள் தருகிற குளிசை அதை அடக்குவதற்குத்தான். அதைக் கூட்டுகிற சாமான் என்று உண்மையிலேயே ஒன்று இருந்தால், அதை உங்களுக்கு வேண்டாம் என்றுதான் முதலில் சொல்லுவேன். சொக்கலேட் ஆசைக்குச் சாப்பிடுங்கள் அம்மா. குளிசையை மட்டும் என்னைக் கேட்காமல் விடாதீர்கள்."

திரும்பி வரும்போது ஓட்டோ டச்சு வளைகுடாவைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அதுவரை பேசாமல் வந்த அம்மா, "அப்படியென்றால் நான் பலவீனமாக இருந்ததால் இது வரவில்லையா?" என்று கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் தனக்கென்று எடுத்து வைக்காமல் எங்களுக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டதால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி போய்விட்டது, அதனால்தான் கை முடங்கியது என்று உறவினர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவரும் அதை அப்படியே நம்பி, நோய் வந்த நாள் முதல் தன்மீதே பழியைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். நான் பக்கத்திலேயே இருந்தும் இப்படி ஒரு பாரத்தை அவர் சுமப்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள் என்று நாம் அன்போடு சொல்லும்போது, உனக்கு அது குறைவாக இருக்கிறது என்றும் சேர்த்துத்தான் சொல்கிறோம். அதை நீதான் குறையவிட்டாய் என்ற குற்றச்சாட்டும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. முடக்குவாதமோ, அதைப்போலவே நோயெதிர்ப்பு சொந்த உடம்பைத் தாக்குகிற லூபஸோ, ஆஸ்துமாவோ, கடுமையான ஒவ்வாமையோ உள்ள ஒருவரிடம் இதைச் சொல்வது இரண்டு வகையில் தவறு. விஞ்ஞானமாகவும் அது பொருந்தாது, மனிதரையும் அது நோகடிக்கும். நிர்ப்பீடனத் தொகுதியை, அதாவது உடம்பின் நோயெதிர்ப்பு ஏற்பாட்டை, தண்ணீர்த் தாங்கிபோல நினைத்துக்கொள்கிறோம். மட்டம் ஏறினால் நல்லது, இறங்கினால் ஆபத்து என்று. உண்மையில் அதற்குள் ஒன்றையொன்று தூண்டுகிறவையும் அடக்குகிறவையுமாகப் பல வகைக் கலங்கள் இருக்கின்றன. எதைத் தாக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற தீர்மானம்தான் அங்கே முக்கியம். தாக்குவதை நிறுத்தத் தெரியாத ஒரு தொகுதிக்கு மேலும் பலம் சேர்ப்பதால் யாருக்கு நன்மை?

பார்சிலோனாவின் எலிகள்

இந்தக் கேள்வியோடுதான் கொக்கோவைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். சொக்கலேட்டின் ஆரோக்கியப் புகழ் பெரும்பாலும் இரத்தக்குழாயிலிருந்து வந்தது. பனாமாவின் சான் பிளாஸ் தீவுகளில் வாழும் கூனா மக்கள் நிறையக் கொக்கோ குடிக்கிறார்கள், அவர்களுக்கு வயதோடு இரத்த அழுத்தம் ஏறுவதில்லை, நகரத்துக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு ஏறுகிறது என்று ஹார்வர்டின் நோர்மன் ஹொலன்பேர்க் எழுதியது பலருக்கும் தெரிந்த கதை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையும் 2012இல், நாளுக்கு 200 மில்லிகிராம் கொக்கோ பிளவனோல், அதாவது கொக்கோவின் கசப்புக்கும் துவர்ப்புக்கும் காரணமான சேர்மங்கள், இரத்தக்குழாய்கள் விரிந்துகொடுக்கும் தன்மையைப் பேண உதவும் என்று ஏற்றுக்கொண்டது. அங்கே பேசப்பட்டது இரத்தக்குழாய். நோயெதிர்ப்பைப் பற்றிய விரிவான வேலை வேறொரு இடத்தில் நடந்திருக்கிறது: பார்சிலோனாப் பல்கலைக்கழகத்தில், மார்கரிடா கஸ்டெல், பிரான்சிஸ்கோ பெரெஸ் கானோ ஆகியோரின் குழுவில்.

அவர்கள் பால்குடி மறந்த எலிக்குட்டிகளுக்கு, உணவின் எடையில் 10 சதவீதம் கொக்கோத் தூள் கலந்து சில வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். விளைவுகள் நம் ஊர்ப் பேச்சுக்கு நேர்மாறாக இருந்தன. கொக்கோ தின்ற எலிகளின் குடலில், கிருமிகளுக்கு எதிரான முதல் காவலில் நிற்கிற ஐ.ஜி.ஏ. வகைப் பிறபொருளெதிரி குறைந்தது. முட்டை வெண்கருப் புரதத்தைச் செலுத்தி ஒவ்வாமையை உண்டாக்க முயன்றபோது, ஒவ்வாமைக்குக் காரணமான ஐ.ஜி.ஈ. உருவாவது பெருமளவு தடுக்கப்பட்டது. நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் உள்ள கலங்களின் விகிதம் மாறியது. குடலில் வாழும் பற்றீரியாக்களின் கூட்டமும் மாறியது. சுருங்கச் சொன்னால், அந்த எலிகளில் கொக்கோ நோயெதிர்ப்பின் ஒரு பகுதியைத் தணித்திருக்கிறது. ஒவ்வாமைக்காரருக்கு இது நல்ல செய்தியாக இருக்கலாம். குடற்காவல் குறைவது எல்லோருக்கும் நல்ல செய்தி என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துக் "கூட்டும்" என்று சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

அதைவிட என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது அதே குழு 2018இல் வெளியிட்ட முடிவு. அதுவரை எல்லோரும் பிளவனோல்களையே புகழ்ந்துகொண்டிருந்தார்கள். கொக்கோ கொடுத்த எலிகளையும், கொக்கோவில் உள்ள தியோபுரோமினை மட்டும் அதே அளவில் கொடுத்த எலிகளையும் ஒப்பிட்டபோது, பிறபொருளெதிரிகள் குறைந்ததற்குக் காரணம் தியோபுரோமின்தான் என்று தெரிந்தது. கோப்பியில் உள்ள கபீனுக்கு நெருங்கிய உறவான பொருள் அது. நாயின் உடலால் அதை விரைவாக வெளியேற்ற முடியாது, அதனால்தான் சொக்கலேட் நாய்க்கு நஞ்சாகிறது. வீட்டில் நாய் வளர்க்கிறவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள். ஆண்டுக்கணக்காக ஒரு பொருளுக்குக் கொடுத்த பெருமையைத் தாங்களே மறுபடி சோதித்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுத்த அந்த ஆய்வாளர்களின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். விளம்பரங்களில் இதை எங்கும் காண முடியாது.

இனி என் அம்மாவுக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு. 2012இல் அதே குழுவினர் எலிகளுக்கு, குருத்தெலும்பில் உள்ள இரண்டாம் வகைக் கொலஜன் என்ற புரதத்தைச் செலுத்தி, மனிதரின் முடக்குவாதத்தை ஒத்த மூட்டழற்சியை உண்டாக்கினார்கள். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே ஒரு பிரிவு எலிகளுக்குக் கொக்கோ கலந்த உணவு கொடுக்கப்பட்டது. இரத்தத்தைப் பார்த்தால் நம்பிக்கை தருகிற முடிவு: கொலஜனுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் குறைந்திருந்தன, நோயெதிர்ப்பைத் தூண்டிவிடுகிற ரி கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்களின் விகிதமும் குறைந்திருந்தது. ஆனால் பின்னங்கால் பாதத்தின் வீக்கம் குறையவில்லை. இந்த வரியை வாசித்தபோது எனக்கு அம்மாவின் விரல்கள்தான் கண்முன் வந்தன. பரிசோதனைத் தாளில் ஓர் எண் இறங்குவதற்கும், போத்தல் மூடியைத் திருக முடிவதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது! நோயாளிக்கு வேண்டியது இரண்டாவது. அந்த எலிகளுக்கு நோய் வருவதற்கு முன்பே கொக்கோ கொடுத்தும் வீக்கம் வற்றவில்லை என்றால், பல வருடமாக மூட்டு வீங்கியிருக்கும் ஒருவருக்கு இரண்டு துண்டு சொக்கலேட் என்ன செய்யும்?

அளவையும் பாருங்கள். உணவில் 10 சதவீதம் என்றால், நாளுக்கு அரைக் கிலோ உலர் உணவு சாப்பிடும் ஒருவர் 50 கிராம் கொக்கோத் தூள் சாப்பிட வேண்டும். சீனி இல்லாமல், பால் இல்லாமல், வெறும் தூள், தினமும். எலிக்கும் மனிதருக்கும் கணக்கு இப்படி நேராகப் பொருந்தாதுதான். ஆனாலும் எந்தப் பரிமாணத்தில் பேசுகிறோம் என்பதையாவது இது காட்டும்.

மனிதரில் எதுவுமே பார்க்கப்படவில்லை என்றும் சொல்லக்கூடாது. 2011இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் ஆரோக்கியமான 22 பேருக்கு நான்கு வாரங்கள் பிளவனோல் நிறைந்த கொக்கோப் பானம் கொடுத்தபோது, குடலில் பிபிடோபற்றீரியா, லக்டோபசிலஸ் என்ற நன்மை செய்யும் பற்றீரியாக்கள் கூடின. அமெரிக்காவில் நடந்த கொஸ்மொஸ் பரிசோதனை மிகப் பெரியது. 21,442 முதியவர்கள் சேர்ந்திருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு நாளுக்கு 500 மில்லிகிராம் கொக்கோ பிளவனோல் கொண்ட சாறு, மற்றவர்களுக்கு வெற்றுக் குளிசை. 2022இல் வந்த முதன்மை முடிவில், மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் மொத்த எண்ணிக்கை உறுதியாகச் சொல்லுமளவுக்குக் குறையவில்லை. இதய நோயால் வந்த மரணங்கள் 27 சதவீதம் குறைந்திருந்தன. அவர்களில் ஏறக்குறைய 600 பேரின் இரத்தத்தை வைத்து 2025இல் வெளியான பகுப்பாய்வில், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற அளவு, வெற்றுக் குளிசைப் பிரிவோடு ஒப்பிடும்போது ஆண்டுக்கு 8 சதவீதம் அளவில் குறைந்தது. நோயெதிர்ப்போடு தொடர்புள்ள இன்டர்பெரோன் காமா என்ற இன்னொரு பொருள் சற்றுக் கூடியது. ஒன்று இறங்க, ஒன்று ஏறுகிறது. இதைக் கூட்டல் என்பதா, கழித்தல் என்பதா? அந்த ஆய்வுக்குச் சொக்கலேட் தயாரிக்கும் மார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு நிதியுதவி செய்தது என்பதையும் வாசிக்கிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய, ஒழுங்காக நடத்தப்பட்ட பரிசோதனை அது. ஆனால் அதில் கொடுத்தது செறிவூட்டிய கொக்கோச் சாறு. கடையில் வாங்குகிற சொக்கலேட்டை யாரும் அங்கே சோதிக்கவில்லை.

கோப்பைக்குள் வருவது எது

கண்டி பஸ்ஸில் போகிறவர்களுக்கு மாத்தளைப் பக்கத்து வாசனைத்திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள் பழக்கமானவை. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை கடந்து நாலந்தை வந்ததும் காற்று மாறும், நிழல் வரும். எங்கள் வறண்ட நிலத்தில் கொக்கோவைத் தோட்டமாக வளர்க்க முடியாது. அதற்கு ஈரமும் மேலே நிழல் மரமும் வேண்டும். மாத்தளையில் ஒரு தோட்டத்தில் இறங்கி, அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும் காயை வெட்டிக் காட்டச் சொன்னேன். உள்ளே வெண்மையான சதை, இனிப்பும் புளிப்புமாக வாயில் வழுக்கியது. அதற்குள் இருக்கும் விதையைக் கடித்தால் ஊதா நிறம், பொறுக்க முடியாத துவர்ப்பு. எல்லோரும் பேசுகிற பிளவனோல் அந்தத் துவர்ப்பில்தான் இருக்கிறது. அந்த விதையைச் சில நாட்கள் புளிக்க வைத்து, வெயிலில் காயவிட்டு, வறுத்த பிறகுதான் நாம் சொக்கலேட் என்று அறிகிற மணம் வருகிறது. ஒவ்வொரு படியிலும் துவர்ப்பு குறைகிறது, அதோடு பிளவனோலும் குறைகிறது. ருசியைக் கொண்டுவருகிற வேலையே மருந்தை எடுத்துவிடுகிறது என்பதை அந்தத் தோட்டத்தில் நாக்காலேயே தெரிந்துகொண்டேன்.

அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. தூளின் நிறத்தைக் கருமையாக்கவும், புளிப்பைப் போக்கவும், பாலில் இலகுவாகக் கலக்கவும் பல நிறுவனங்கள் கொக்கோவைக் காரத்தால் பதப்படுத்துகின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரான வான் ஹூட்டன் பரப்பிய முறை அது. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை அளந்து காட்டியது: இயற்கையான கொக்கோத் தூளில் கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் பிளவனோல், கடுமையாகக் காரமிட்ட தூளில் வெறும் 3.9. கொஸ்மொஸில் கொடுத்த 500 மில்லிகிராமைப் பெற முதலாவதில் ஏறக்குறைய 15 கிராம் போதும். இரண்டாவதில் 130 கிராமுக்குக் கிட்டத் தேவைப்படும். கடையில் வாங்கும்போது கருமையானது கூடச் சத்துள்ளது என்று எல்லோரும் நினைக்கிறோம். தூளைப் பொறுத்தவரை அது பல வேளைகளில் தலைகீழ். பொதியின் பின்பக்கத்தில் காரம் சேர்த்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. 70, 85 என்ற இலக்கமும் கொக்கோவின் பங்கை மட்டுமே சொல்கிறது. அந்தக் கொக்கோ என்ன பாடுபட்டு வந்தது என்பதைச் சொல்லாது.

பாடசாலை விளையாட்டுப் போட்டியில் மைலோ வண்டிக்கு முன்னால் வரிசையில் நின்ற ஞாபகம் இந்த நாட்டில் எல்லோருக்கும் இருக்கும். வெயிலில் ஓடி முடித்த பிறகு கிடைக்கிற அந்தக் குளிர்ந்த கோப்பைக்கு நிகர் எதுவும் இல்லை. ஆனால் மோல்ட்டும் பாலும் சீனியும் சேர்ந்த அப்படிப்பட்ட பானத்தை, எதிர்ப்புச் சக்தியின் பெயரைச் சொல்லி, நீரிழிவு உள்ள வயதானவர்களுக்குக் காலையும் மாலையும் ஊற்றிக் கொடுக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். அங்கே கொக்கோவைவிடச் சீனிதான் முதலில் உடம்பைத் தொடுகிறது.

இரும்புச்சத்தின் விஷயமும் இருக்கிறது. தேநீரைப்போலக் கொக்கோவும் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தடுக்கும். 1999இல் வெளியான ஓர் ஆய்வில் பாணுடன் கொக்கோப் பானம் குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. முடக்குவாதக்காரர்களுக்கு இரத்தச்சோகை அடிக்கடி வருகிற துணைநோய்; அம்மாவின் ஹீமோகுளோபினும் எல்லைக்குக் கீழேதான் நிற்கிறது. ஆகவே சொக்கலேட் சாப்பிட ஆசைப்பட்டால் சாப்பாட்டோடு சேர்க்காமல், இரும்புக் குளிசைக்குப் பக்கத்திலும் வராமல், இடைவெளி விட்டுச் சாப்பிடுவது என்று இப்போது வைத்திருக்கிறோம். கறுப்புச் சொக்கலேட்டில் ஈயம், கட்மியம் என்ற நச்சு உலோகங்கள் இருப்பதையும் மறக்கக்கூடாது. 2022இல் அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 28 வகைகளைச் சோதித்தபோது, 23 வகைகளில், நாளுக்கு ஓர் அவுன்ஸ் சாப்பிட்டாலே இரண்டில் ஒன்றாவது அது எடுத்துக்கொண்ட எல்லையைத் தாண்டியது. எப்போதாவது சாப்பிடுகிற இனிப்புக்கு இது பெரிய கவலை இல்லை. மருந்து என்று நம்பி நாள்தோறும், வருடக்கணக்காகச் சாப்பிடும்போதுதான் இந்தக் கணக்கு உறைக்கிறது.

எனக்கு ஒரு விருப்பம் உண்டு. கொக்கோ இந்தத் தீவில் விளைகிறது. முடக்குவாத நோயாளிகள் நம் கிளினிக்குகளில் மாதாமாதம் வந்து உட்காருகிறார்கள். வழக்கமான மருந்தை நிறுத்தாமல், அதோடு சேர்த்து, காரமிடாத உள்ளூர்க் கொக்கோவை அளந்து கொடுத்து, காலை விறைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, கைப்பிடியின் பலம் எவ்வளவு என்று பார்க்கிற ஓர் ஆய்வை நம்மவர்களே செய்தால் எவ்வளவு நல்லது! இல்லை என்று முடிவு வந்தாலும் அது பெறுமதியான முடிவு. எலியின் பாதத்திலிருந்து ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையிருக்காது.

சித்தியிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று நெடுநாள் தயங்கினேன். அவர் அக்காவின் கையைப் பார்த்து அழுதவர். அந்த அன்பைக் காயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் பேசும்போது, டொக்டர் கேட்ட கேள்வியை மட்டும் அப்படியே சொன்னேன். அம்மா தன்னைத்தானே குறைசொல்லிக்கொண்டு இருந்ததையும் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அக்காவிடம் அப்படி யார் சொன்னது? நானும் அதையே சொல்லிவிட்டேனா?" என்று கேட்டார். பிறகு, "அப்படியென்றால் நான் என்ன அனுப்பட்டும் மகள்?" என்றார். குசினியிலிருந்த அம்மா அதைக் கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே குரல் கொடுத்தார்: "போத்தல் மூடி திறக்கிற சாமான் ஒன்று அங்கே விற்கிறதாம். அதை வாங்கி அனுப்பு. பிடி தடித்த கத்தியும் ஒன்று. இங்கே உள்ள கத்தியை என்னால் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை." அடுத்து வருகிறவர்களிடம் இரண்டையும் கொடுத்து அனுப்புவதாகச் சித்தி சொன்னார். இரவில் மணிக்கட்டுக்குப் போடுகிற பட்டி ஒன்றும் இருக்கிறதாம்; அது அக்காவுக்குச் சரிவருமா, என்ன அளவு என்று கிளினிக்கில் கேட்டுச் சொல்லச் சொன்னார்.